“எல்லாமே சைவம்தான் சார்”... ஆனா வீகனா? இட்லி, பொங்கல், காபிக்குள் ஒளிந்திருக்கும் பால் கணக்கு!

‘உயர்தர சைவ உணவகம்’ என்ற போர்டு இல்லாத தெரு தமிழ்நாட்டு நகரங்களில் குறைவு. உள்ளே போனால் இட்லி, தோசை, பொங்கல், பூரி, மீல்ஸ் என்று மெனு நீளும். இதில் பால், தயிர், நெய், வெண்ணெய் எதுவுமே சேராத ஐட்டம் எது என்று கேட்டால், பல இடங்களில் வரும் பதில் ஒன்றுதான்: “எல்லாமே சைவம்தான் சார்.”

அந்தப் பதிலில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதிலும் இல்லை. வீகனாக மாறியவர், பால் ஒத்துக்கொள்ளாதவர், பால் அலர்ஜி உள்ள குழந்தையோடு வந்த பெற்றோர் என மூன்று பேர் ஒரே டேபிளில் உட்கார்ந்து ஒரே கேள்வியைக் கேட்டாலும், அவர்களுக்கு மெனு கார்டு எதையும் சொல்வதில்லை.

இத்தனைக்கும் தமிழர்களின் ‘கம்ஃபர்ட் ஃபுட்’, அதாவது உடம்பு முடியாதபோதும், மழை நாளிலும், வேலை முடிந்து களைத்து வரும்போதும் மனசு தேடும் சாப்பாட்டில், பெரும்பகுதி ஏற்கெனவே வீகன்தான். பல சமயம் கடைசியாக ஊற்றும் ஒரு ஸ்பூன் நெய்தான் அதை மாற்றுகிறது. அந்த ஒரு ஸ்பூனைப் பற்றிய தகவல் சாப்பிடுகிறவருக்குக் கிடைக்கிறதா என்பதுதான் இங்கே கேள்வி.

சைவம், வீகன்: என்ன வித்தியாசம்?

‘வீகன்’ என்ற சொல் 1944-ல் இங்கிலாந்தில் பிறந்தது. பால், முட்டைகூட வேண்டாம் என்று முடிவெடுத்த சில வெஜிடேரியன்கள், டொனால்ட் வாட்சன் தலைமையில் ‘வீகன் சொசைட்டி’யைத் தொடங்கியபோது இந்தச் சொல்லை உருவாக்கினார்கள். ஆண்டுதோறும் நவம்பர் 1 உலக வீகன் தினமாகக் கொண்டாடப்படுவதும் அதன் தொடர்ச்சிதான்.

சிம்பிளாகச் சொன்னால், இறைச்சி, மீன், முட்டையோடு பால், தயிர், மோர், நெய், வெண்ணெய், பனீர், தேன் ஆகியவையும் கிடையாது. விலங்கிடமிருந்து வரும் எதுவுமே தட்டில் இருக்காது.

இந்தியாவில் பாக்கெட் உணவில் இருக்கும் பச்சைப் புள்ளி இதைச் சொல்லாது. பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் ‘வெஜிடேரியன்’. சட்டப்படி பாலும் தேனும் அந்த வட்டத்துக்குள் அடக்கம். அதனால்தான் ‘வீகன்’ என்பதற்குத் தனி அடையாளம் தேவைப்பட்டது. 2022-ல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., வீகன் உணவுகளுக்கென்றே தனி விதிமுறைகளை வெளியிட்டது. பச்சை நிறத்தில் ‘வி’ எழுத்தும் மேலே ஒரு துளிரும் கொண்ட லோகோ அதற்கு உண்டு. சேர்க்கும் பொருள் மட்டுமல்ல, சுவையூட்டி, என்சைம், தயாரிப்பின்போது பயன்படுத்தும் துணைப் பொருள் எதிலும் விலங்குப் பொருள் இருக்கக் கூடாது என்பது விதி.

ஆனால் இது பாக்கெட்டுக்கான ஏற்பாடு. ஹோட்டலில் தட்டில் வரும் பொங்கலுக்கு லோகோ ஒட்ட முடியாதே!

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, உடம்பு. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்க ‘லாக்டேஸ்’ என்ற என்சைம் தேவை. குழந்தைப் பருவம் முடிந்ததும் பலருக்கு இதன் சுரப்பு குறைந்துவிடும். வட இந்தியர்களைவிடத் தென்னிந்தியர்களிடம் இது அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காபி குடித்ததும் வயிறு உப்புசம், கடமுடா சத்தம் என்று அவதிப்படும் பலர், காரணம் பாலாக இருக்கலாம் என்பதை மெதுவாகத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

இரண்டாவது, சுற்றுச்சூழல், விலங்கு நலன். ஒரு லிட்டர் பசும்பாலின் பின்னால் இருக்கும் பசுமை இல்ல வாயு வெளியேற்றம், தாவரப் பால்களைவிடச் சுமார் மூன்று மடங்கு என்று ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் ஜோசப் பூர் தலைமையிலான 2018-ம் ஆண்டு ஆய்வு சொன்னது. இளைய தலைமுறையில் பலர் வீகன் பக்கம் திரும்ப இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, வரி. 2025 செப்டம்பர் 22 முதல் அமலான ஜி.எஸ்.டி மாற்றத்தில், பாதாம், ஓட்ஸ் போன்ற தாவரப் பால் பானங்களுக்கான வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. சோயா பால் பானத்துக்கு 12-லிருந்து 5. சூப்பர் மார்க்கெட் அலமாரியில் மூலையில் கிடந்த இந்தப் பாக்கெட்டுகள்மீது அப்போதுதான் பலரின் பார்வை விழுந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2014-ம் ஆண்டின் மாதிரிப் பதிவு முறை கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டில் 15 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 97 சதவீதம் பேர் அசைவம் சாப்பிடுபவர்கள். அதனால் இங்கே வீகன் சாப்பாடு என்பது காலம்காலமாகச் சைவமாக இருப்பவர்களின் அடுத்த படி மட்டும் அல்ல. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வீட்டில் வளர்ந்தவர்களும் தேடி வருகிறார்கள். அவர்களுக்கு ‘சாலட் சாப்பிடுங்க’ என்ற பதில் போதாது. வயிறும் மனசும் நிறைய வேண்டும்.

ஏற்கெனவே வீகனாக இருக்கும் தமிழ்ச் சாப்பாடு

வீகன் உணவு என்றதும் அவகாடோ டோஸ்ட்டும் டோஃபுவும்தான் பலருக்கு ஞாபகம் வருகிறது. ஆனால் தமிழ்நாட்டு வரைபடத்தை விரித்துப் பார்த்தால் கதையே வேறு.

திருநெல்வேலி சொதி: தேங்காய்ப் பால், பாசிப்பருப்பு, காய்கறி, இஞ்சி, பச்சை மிளகாய், கடைசியில் எலுமிச்சைச் சாறு. கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்குப் போடும் சாப்பாடு இது. பக்கத்தில் இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு சிப்ஸும். முழு விருந்தும் பால் இல்லாமலே முடிந்துவிடும். நெய்யில் தாளிக்காமல் இருந்தால் போதும்.

உளுந்தங்களி: உளுந்து, கருப்பட்டி, நல்லெண்ணெய். வயசுக்கு வந்த பெண்ணுக்கு உடம்பு தேற வேண்டும் என்று பாட்டிகள் கிண்டிக் கொடுப்பது. நல்லெண்ணெயில் கிண்டும் பழைய பக்குவத்தில் நெய்க்கு வேலையே இல்லை.

மதுரை பருத்திப்பால்: பருத்தி விதையை ஊறவைத்து, அரைத்து, பால் பிழிந்து, அரிசி மாவு, கருப்பட்டி அல்லது வெல்லம், சுக்கு, ஏலம், தேங்காய் சேர்த்துக் காய்ச்சுவது. சூடாக ஒரு டம்ளர் குடித்தால் தொண்டைக்கும் இதம், வயிற்றுக்கும் இதம். ‘பிளான்ட் பேஸ்டு மில்க்’ என்ற சொல் இங்கே வருவதற்கு வெகு காலம் முன்பே மதுரைத் தெருக்களில் தள்ளுவண்டியில் விற்றது.

முதலூர் மஸ்கோத் அல்வா: தூத்துக்குடி மாவட்டத்தின் இந்த அல்வா, நெய்க்குப் பதில் தேங்காய்ப் பாலில் கிண்டப்படுகிறது. மாவை ஊறவைத்துப் பிழிந்த பால், தேங்காய்ப் பால், சர்க்கரை, முந்திரி. அதே மாவட்டத்தின் இன்னொரு பெருமையான தூத்துக்குடி மக்ரூனில் முட்டை வெள்ளைக்கரு உண்டு. அது வீகன் இல்லை.

கோவில்பட்டி கடலை மிட்டாய்: 2020-ல் புவிசார் குறியீடு பெற்றது. நிலக்கடலை, வெல்லம். அவ்வளவுதான்.

இவை தவிர இட்லி, சட்னி, ஆப்பம் தேங்காய்ப் பால், இடியாப்பம், புளியோதரை, சைதாப்பேட்டை வடகறி, மெரினாவின் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல், கோவையின் ரோட்டுக்கடை காளான், வாழைப்பூ வடை, மீல்மேக்கர் குழம்பு, சுக்கு மல்லி காபி. பட்டியல் நீண்டுகொண்டே போகும். அசைவ ருசிக்குப் பழகிய நாக்குக்கு மசாலா, எண்ணெய், காரம் மூன்றும் இதில் இருக்கின்றன.

ஹோட்டலில் பால் ஒளிந்திருக்கும் இடங்கள்

அப்படியானால் ஹோட்டலில் சிக்கல் எங்கே வருகிறது? பெயரிலேயே நெய்யும் பாலும் இருந்தால் பிரச்னை இல்லை. நெய் ரோஸ்ட், பால் பாயசம், தயிர் வடை ஆகியவற்றைப் பார்த்ததும் தெரிந்துவிடும். பெயரில் சொல்லாமல் உள்ளே வருபவைதான் கவனிக்க வேண்டியவை.

வெண்பொங்கல், ரவா கேசரி: நெய் மேலே ஊற்றப்படுவது இல்லை, கூடவே வேகிறது. ‘நெய் வேண்டாம்’ என்று டேபிளில் சொல்லிப் பயன் இல்லை.

மினி இட்லி சாம்பார், பொடி இட்லி: இட்லி வீகன். ஆனால் பல இடங்களில் கடைசியாக நெய் விழும். இதைத் தடுக்க முடியும், முன்கூட்டியே சொன்னால்.

ரவா தோசை: மாவில் புளித்த மோர் சேர்க்கும் பழக்கம் உண்டு.

அடை அவியல்: அவியலில் தயிர். அடைக்கு மேல் வெண்ணெய். அடை மட்டும் வாங்கி வெல்லத்தோடு சாப்பிடலாம்.

பரோட்டா: மாவு பிசையும்போது பாலோ முட்டையோ சேர்க்கும் கடைகள் உண்டு. கடைக்குக் கடை மாறும். கேட்காமல் நம்ப முடியாது.

குருமா: முந்திரி, தேங்காய் அரைத்ததா, தயிர் ஊற்றியதா, கிரீம் சேர்த்ததா என்பதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

வெஜ் பிரியாணி, காளான் பிரியாணி: தயிர் கிட்டத்தட்ட வழக்கமான பொருள்.

நாண்: மாவிலேயே தயிர் அல்லது பால், மேலே வெண்ணெய். தந்தூரி ரொட்டிக்கு வாய்ப்பு அதிகம், ‘பட்டர் தடவாதீங்க’ என்று சொன்னால்.

வத்தக்குழம்பு: புளியும் நல்லெண்ணெயும் கொண்ட குழம்பில் பால் எப்படி வரும்? வத்தல் வழியாக. சுண்டைக்காயை உப்பு மோரில் ஊறவைத்துக் காயவைப்பது வழக்கம்.

கூழ்: கம்பங்கூழில் மோர் கலந்துதான் பெரும்பாலும் வரும். தொட்டுக்கொள்ளத் தரும் மோர் மிளகாயும் பெயருக்கேற்ப மோரில் ஊறியதுதான். சின்ன வெங்காயமும் மாங்காயும் கேட்டு வாங்கலாம்.

டால்டா பற்றி ஒரு சந்தேகம் அடிக்கடி வரும். வனஸ்பதி என்பது தாவர எண்ணெயைக் கெட்டியாக்கியது. எனவே வீகன்தான். ஆனால் வீகன் என்பதாலேயே எதுவும் ஆரோக்கியமானது ஆகிவிடாது. இதில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கெடுதல். அதனால்தான் எண்ணெய், கொழுப்பு வகைகளில் அதன் அளவு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு 2022 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது.

எப்படிக் கேட்டால் சரியான பதில் வரும்?

‘இது வீகனா?’ என்று கேட்டால் பல இடங்களில் சர்வருக்குப் புரியாது. புரிந்ததுபோல் தலையாட்டினால் இன்னும் ஆபத்து. ‘வெஜ்’ என்று காதில் விழுந்திருக்கலாம். பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்பதே நல்லது.

“அண்ணே, இதுல பால், தயிர், நெய், வெண்ணெய் ஏதாவது சேர்ப்பீங்களா?” என்று ஒரே மூச்சில் நான்கையும் சொல்லுங்கள். ‘பால் இல்லை’ என்று சொல்லும் பலரின் மனதில் நெய், பாலின் கணக்கில் வராது.

“தோசையை நெய் ஊத்தாம எண்ணெயில போட்டுக் கொடுங்க. மேல எதுவும் ஊத்த வேணாம்” என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். தட்டு டேபிளுக்கு வந்த பிறகு சொன்னால் அந்தத் தோசை வீண்.

ஆன்லைன் ஆர்டரில் குறிப்பு எழுதும் இடத்தில் ‘வீகன்’ என்று மட்டும் எழுதாமல், ‘நெய், வெண்ணெய், தயிர் வேண்டாம்’ என்று எழுதுங்கள்.

பெரிய செயின் உணவகங்கள் என்றால் சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. மத்திய உரிமம் பெற்ற அல்லது 10 இடங்களிலோ அதற்கு மேலோ கிளைகள் கொண்ட உணவகங்கள், மெனுவில் கலோரி அளவைக் காட்டுவதோடு, பால், முட்டை, நிலக்கடலை, சோயா, கோதுமை போன்ற அலர்ஜிப் பொருள்கள் பற்றிய தகவலையும் தர வேண்டும் என்று 2020-ம் ஆண்டின் லேபிள் விதிமுறைகள் சொல்கின்றன. ‘அலர்ஜி சார்ட் இருக்கா?’ என்று கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. தெருமுனையில் இருக்கும் ஒற்றை மெஸ்ஸுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் அங்கே சமைப்பவரிடமே நேரடியாகக் கேட்டுவிடலாம்.

பாக்கெட் பிஸ்கட், பிரெட், சாக்லேட் வாங்கும்போதும் இதே முறைதான். பச்சைப் புள்ளியோடு நிற்காமல், பொருள் பட்டியலின் முடிவில் ‘மில்க்’ என்று அலர்ஜி எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். ‘மில்க் சாலிட்ஸ்’, ‘வே’, ‘கேசீன்’ மூன்றுமே பால்தான். டார்க் சாக்லேட்டிலும் சில சமயம் இருக்கும்.

மூன்று பேர், மூன்று கணக்கு

இங்கே ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. பால் வேண்டாம் என்று சொல்பவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காகச் சொல்வதில்லை.

லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவருக்கு நெய் பெரும்பாலும் பிரச்னை செய்யாது, அதில் லாக்டோஸ் மிகக் குறைவு. தயிரும் பாலைவிட எளிதாகச் செரிக்கும். இவருக்கு நெய் தோசை ஓகே, மில்க் ஷேக் கஷ்டம்.

வீகனுக்கு நெய்யும் கிடையாது. நெய் தோசை போட்ட அதே கல்லில் தன் தோசை வார்க்கப்படுவதை ஏற்பதா, வேண்டாமா என்பது அவரவர் முடிவு.

பால் அலர்ஜி உள்ளவருக்கு நிலைமையே வேறு. பாலில் உள்ள புரதத்தை உடம்பின் நோய் எதிர்ப்பு அமைப்பு எதிரியாகப் பார்க்கிறது. தடிப்பு, வாந்தியில் தொடங்கி மூச்சுத்திணறல்வரை போகலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். நெய்யில் ஒட்டியிருக்கும் மிச்சப் புரதம்கூடச் சிலருக்குப் போதும். அதே கல், அதே கரண்டி எல்லாமே இவருக்கு முக்கியம். எனவே ஹோட்டலில் ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்லாமல் ‘அலர்ஜி இருக்கு’ என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

“கொஞ்சூண்டு நெய்தானே, ஒண்ணும் ஆகாது” என்ற அன்பான வார்த்தை, முதல் நபருக்குச் சரி, இரண்டாம் நபருக்கு வருத்தம், மூன்றாம் நபருக்கு ஆஸ்பத்திரி.

வீகன் என்றாலே பில் ஏன் எகிறுகிறது?

சாதா தோசை, நெய் ரோஸ்ட்டைவிட விலை குறைவு. அதுவும் வீகன்தான். ஆக, வீகன் சாப்பாடு விலை கூடியது என்பது பாதி உண்மை. விலை ஏறுவது, பாலின் இடத்தில் பால் மாதிரியே இன்னொன்றை வைக்கும்போது.

2021-ல் 3 ரூபாய் குறைக்கப்பட்டபோது ஆவின் நீல நிறப் பாக்கெட் பால் லிட்டருக்கு 40 ரூபாய் ஆனது. கடைகளில் பாதாம், ஓட்ஸ் பால் பாக்கெட்டுகள் பல, லிட்டருக்கு 200 ரூபாய்க்கு மேல். சோயா பால் கொஞ்சம் மலிவு. கஃபேயில் ஓட்ஸ் பாலில் காபி கேட்டால் கூடுதல் கட்டணம் விழுவது இதனால்தான்.

ஜி.எஸ்.டி குறைந்தது இதை மாற்றுமா? ஓரளவுக்குத்தான். தாவரப் பால் 5 சதவீதத்துக்கு வந்த அதே நாளில், டெட்ரா பேக்கில் வரும் யு.எச்.டி பாலுக்கும் பாக்கெட் பனீருக்கும் வரி முழுக்க நீக்கப்பட்டது. நெய், வெண்ணெய் 12-லிருந்து 5-க்கு வந்தன. சாதாரணப் பாலுக்கு ஏற்கெனவே வரி இல்லை. ஆக, இடைவெளி குறைந்திருக்கிறது, மறையவில்லை. அதோடு 200 ரூபாய் பாக்கெட்டில் வரி என்பது சிறு பகுதி. மூலப்பொருள், பேக்கிங், விற்பனை அளவு ஆகியவைதான் விலையின் பெரும்பகுதியைத் தீர்மானிக்கின்றன.

‘பால்’ என்று சொல்லலாமா?

இதில் ஒரு பெயர்ச் சண்டையும் உண்டு. பசு, எருமை போன்றவற்றின் மடியிலிருந்து வருவது மட்டுமே பால் என்பது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. நிலைப்பாடு. பாதாம், ஓட்ஸ், சோயா பானங்களின் லேபிளில் ‘மில்க்’ என்ற சொல்லை நீக்கச் சொல்லி 2021-ல் உத்தரவு வந்தது. சில நிறுவனங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. தேங்காய்ப் பால் போல மரபாக வழங்கும் பெயர்களுக்கு விலக்கு உண்டு. ஐரோப்பிய நீதிமன்றமும் 2017-ல் ஏறக்குறைய இதே திசையில், ‘மில்க்’, ‘பட்டர்’, ‘சீஸ்’ ஆகியவை பால் பொருள்களுக்கே உரியவை என்று தீர்ப்பளித்தது.

தமிழுக்கு இந்தச் சண்டை கொஞ்சம் விநோதமாகத்தான் இருக்கும். தேங்காய்ப் பால், பருத்திப்பால், அல்வாவுக்குப் பிழியும் கோதுமைப் பால் என்று தாவரத்திலிருந்து பிழிந்தெடுக்கும் வெள்ளைச் சாறு எதையும் இங்கே பால் என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். யாரும் அதைப் பசும்பால் என்று நினைத்து ஏமாந்ததில்லை.

வீட்டில்: காபி, தயிர்சாதம், பொங்கல்

வீகனாக மாற நினைக்கும் தமிழர்கள் தடுக்கி விழும் இடங்கள் மூன்று. காலைக் காபி, ராத்திரித் தயிர்சாதம், நெய் மணக்கும் பொங்கல். மூன்றுக்கும் வீட்டிலேயே வழி இருக்கிறது.

ஃபில்டர் காபி: ஓட்ஸ் பாலை வீட்டில் அரைத்துச் சூடாக்கினால் கொழகொழவென்று ஆகும். சோயா பால், காபியின் புளிப்பில் திரிய வாய்ப்புண்டு. வீட்டு காபிக்கு நன்றாகப் பொருந்துவது முந்திரிப் பால். ஒரு டம்ளருக்கு 10, 12 முந்திரியை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, நைஸாக அரைத்து, நீர் சேர்த்தால் வடிகட்டவே தேவையில்லை. மிதமாகச் சூடாக்கி, கெட்டி டிகாக்‌ஷனில் கடைசியாக ஊற்ற வேண்டும். கொதிக்கவிட்டால் கெட்டியாகிக் கஞ்சி மாதிரி ஆகிவிடும். முந்திரி கிலோ 900 ரூபாய் என்று வைத்தால், 15 கிராமுக்குச் சுமார் 13 ரூபாய். பசும்பாலைவிட அதிகம்தான். தினம் இரண்டு முறை வேண்டாம் என்றால் மாலையில் சுக்கு காபிக்கு மாறலாம்.

வேர்க்கடலைத் தயிர்: ஒரு கப் பச்சை வேர்க்கடலையை 6 முதல் 8 மணி நேரம் ஊறவைத்துத் தோல் நீக்கி, 3 கப் தண்ணீர் விட்டு அரைத்து, துணியில் வடிகட்டுங்கள். அடிப்பிடிக்காமல் கிளறிக் கொதிக்கவைத்து, வெதுவெதுப்பாக ஆறியதும் ஏழெட்டுப் பச்சை மிளகாய்க் காம்புகளைப் போட்டு மூடி வைத்தால் 10, 12 மணி நேரத்தில் உறையும். முதல் முறை சுமாராகத்தான் வரும். அதிலிருந்து இரண்டு ஸ்பூன் எடுத்து அடுத்த முறை உறை ஊற்றினால் கெட்டியாக வரும். நிறம் மாறினாலோ கெட்ட வாடை அடித்தாலோ கொட்டிவிடுங்கள். குழைந்த சாதத்தில் இதைக் கலந்து, கொஞ்சம் தேங்காய்ப் பால் ஊற்றி, கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்தால் தயிர்சாதம் ரெடி. வேர்க்கடலையின் வாசம் லேசாக இருக்கும். ஊறுகாய் அதைச் சமாளித்துவிடும்.

வெண்பொங்கல்: அரிசியும் பாசிப்பருப்பும் நன்றாகக் குழைய வெந்ததும், ஒரு கைப்பிடி முந்திரியில் பாதியை அரைத்துக் கலந்தால் அந்த வழுவழுப்பு கிடைத்துவிடும். மீதி முந்திரி, மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலையை நல்லெண்ணெயில் தாளிக்கலாம். நெய் வாசம் வராது. அது வேறொரு வாசம். ஆனால் மழை நாளில் சூடாகச் சாப்பிட்டால் கண் சொக்குவதில் மாற்றம் இல்லை.

சில வாரங்கள் சமைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். நெய் பொங்கலைப் போலி செய்ய முயல்வதைவிட, சொதி, உளுந்தங்களி, பருத்திப்பால் போல பிறவியிலேயே நெய் தேவைப்படாத சாப்பாட்டைத் தேடிப் போவது சுலபம், மலிவு, ருசி.

சத்துக் குறைபாடு வருமா?

கவனிக்காமல் விட்டால் வரும். முக்கியமானது வைட்டமின் பி12. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2 மைக்ரோகிராமுக்குக் கொஞ்சம் மேல்தான் தேவை. ஆனால் தாவர உணவில் இதை நம்பிப் பெற முடியாது. இட்லி மாவு புளிப்பதால் பி12 கிடைத்துவிடும் என்பதை நம்பி இருக்கக் கூடாது. பி12 செறிவூட்டிய உணவோ, மருத்துவர் சொல்லும் மாத்திரையோ அவசியம். பற்றாக்குறை முற்றினால் ரத்தசோகையோடு நரம்புப் பாதிப்பும் வரலாம்.

கால்சியத்துக்குக் கேழ்வரகு கை கொடுக்கும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. எள், கீரை வகைகளும் உதவும். வீட்டில் அரைக்கும் முந்திரி, ஓட்ஸ் பாலில் பசும்பால் அளவுக்குக் கால்சியம் கிடையாது. கடையில் வாங்கினால் ‘கால்சியம் சேர்க்கப்பட்டது’ என்று லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள். புரதத்துக்குப் பருப்பு, சுண்டல், நிலக்கடலை, மீல்மேக்கர். கைக்குழந்தைகளுக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாகவோ, ஃபார்முலாவுக்குப் பதிலாகவோ வீட்டுத் தாவரப் பாலைக் கொடுக்கவே கூடாது. கர்ப்பிணிகளும் சிறுவர்களும் டாக்டரைக் கேட்காமல் மாறக் கூடாது.

பால்காரர்களின் கேள்வி

இந்த விவாதத்தில் இன்னொரு தரப்பும் உண்டு. உலகிலேயே அதிகம் பால் உற்பத்தி செய்யும் நாடு இந்தியா. 2023-24-ல் சுமார் 23.9 கோடி டன். இதன் பின்னால் இருப்பவர்களில் பலர் ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கும் சிறு விவசாயிகள். மழை பொய்த்த வருடத்தில் வீட்டுச் செலவுக்கு வருவது சொசைட்டியில் பால் ஊற்றி வாங்கும் காசுதான். ‘பாலை விட்டுவிடுங்கள்’ என்ற பிரசாரம் அவர்களுக்கு எப்படிக் கேட்கும் என்பது புரிந்துகொள்ளக்கூடியது.

இன்றைய நிலையில் நகரத்தில் சிலர் முந்திரிப் பால் காபிக்கு மாறுவதால் இந்த உற்பத்தி ஆட்டம் காணப்போவதில்லை. தீவன விலையும் கொள்முதல் விலையும்தான் அவர்களின் அன்றாடக் கவலை. ஆனால் தாவரப் பால் சந்தை வளர்ந்தால், அதன் லாபம் பாக்கெட் கம்பெனிகளுக்கு மட்டும் போகுமா, நிலக்கடலையும் தேங்காயும் விளைவிக்கும் உள்ளூர் விவசாயிக்கும் வருமா என்ற கேள்வி நியாயமானது.

தீர்வு என்ன?

வீகனுக்கென்று தனி ஹோட்டல் தேவை என்று அர்த்தம் இல்லை. இருக்கும் ஹோட்டலில் இரண்டே மாற்றங்கள் போதும். மெனு கார்டில் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் பக்கத்தில் பால் பொருள் ‘உண்டு’, ‘இல்லை’, ‘கேட்டால் தவிர்க்கலாம்’ என்று ஒரு குறி. சமையலறையில், நெய்யைக் கேட்ட பிறகு ஊற்றும் பழக்கம். முதலாவதற்கு மெனு அச்சடிக்கும் செலவுதான். இரண்டாவது நெய்யை மிச்சப்படுத்தும்.

சொதியும் சுண்டலும் இட்லியும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியவை அல்ல, இதே ஹோட்டல்களில் தினமும் வேகின்றன. சர்வர் சொல்ல வேண்டிய பதிலில் ஒரே ஒரு வாக்கியம்தான் கூட வேண்டும்: “எல்லாமே சைவம்தான் சார், இதுல மட்டும் நெய் இருக்கு.”